விடிய விடிய பாடின வில்லுக்கு டிவியில் அரை மணி நேரம்: சுப்பு ஆறுமுகம் முதல் யூடியூப் வரை, நெல்லை வில்லுப்பாட்டு திரைக்கு வந்த கதை

ராத்திரி பதினோரு மணி. மேடையில் ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து கதை சொல்றார். பக்கத்தில் ஒருத்தர் அதற்கு 'ஆமா' போடுறார். பின்னால் வாத்தியக்காரர்கள். நடுநடுவே பாட்டு, ஊர் வம்பு, அரசியல் கிண்டல், உள்ளூர் பிரமுகர் பெயரைச் சொல்லி ஒரு குத்தல். கூட்டம் சிரிக்கிறது, மறுபடியும் கதை தொடர்கிறது.

அமெரிக்க டிவியின் 'லேட் நைட் டாக் ஷோ'வைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று நினைத்தால், பாதிதான் சரி. தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரியிலோ அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலோ கொடை விழா நடக்கும்போது போனால் இதே காட்சியைப் பார்க்கலாம். டிவி என்ற பெட்டி பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே திருநெல்வேலி ஜனங்களிடம் ஒரு ராத்திரி டாக் ஷோ இருந்தது. அதன் பெயர் வில்லுப்பாட்டு.

அந்த ராத்திரிக் கலையை ரேடியோவுக்கும் டிவிக்கும் கொண்டுவந்து தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தவர் நெல்லைக்காரர் சுப்பு ஆறுமுகம். அப்படி வந்தபோது வில்லுப்பாட்டு எதைப் பெற்றது, எதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது?

லேட் நைட் ஷோ என்றால் என்ன?

1954 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. டிவியில் 'தி டுநைட் ஷோ' தொடங்கியது. வேலை முடிந்து, சாப்பிட்டு, தூங்கப்போகும் நேரத்துக்கான நிகழ்ச்சி. 1962 முதல் 1992 வரை முப்பது வருஷம் ஜானி கார்சன் அதை நடத்தினார். அவர் பேசுவார், பக்கத்தில் எட் மக்மேன் சிரிப்பார், தலையாட்டுவார், கேட்ட மாதிரி எடுத்துக் கொடுப்பார். ஒரு பக்கம் இசைக்குழு. கடைசியில் ஒரு பாடகரோ பாடகியோ வந்து ஒரே ஒரு பாட்டு பாடுவார்.

புதுப் பாடகர்களுக்கு அந்த மூணு, நாலு நிமிஷம் பெரிய விஷயம். நாடு முழுக்க ஒரே நேரத்தில் முகம் தெரியும். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. டிவி கேட்கிற அளவுக்குப் பாட்டை வெட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு நம் ஆட்களிடமிருந்தே ஒரு உதாரணம் இருக்கிறது. லண்டனில் பிறந்து, சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பாடகி எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம், 2007 செப்டம்பரில் டேவிட் லெட்டர்மேனின் 'லேட் ஷோ'வில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடினார். அந்தப் பாட்டின் பல்லவியில் துப்பாக்கிச் சத்தம் வரும். அது அலங்காரம் இல்லை, பாட்டின் கிண்டலே அதில்தான் இருக்கிறது. டிவியில் ஒலித்தபோது அந்தச் சத்தம் வேறு சத்தமாக மாற்றப்பட்டிருந்தது. அவர் தன் அதிருப்தியைப் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். பாட்டு வந்தது, ஆனால் அதன் முக்கியமான துண்டு வரவில்லை.

நெல்லை வில்லுக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அதற்கு முன்னால், அசல் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

வில்லுப்பாட்டு ராத்திரி எப்படி நடக்கும்?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் போன்ற தெய்வங்களுக்கு ஊர்கூடிச் செய்யும் விழாதான் கொடை. 'எங்க ஊர்ல கொடை' என்று சென்னையில், மும்பையில் வேலை பார்க்கிறவர் லீவு கேட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அந்தக் கொடையில் வில்லு இல்லாமல் சாமிக்கு நிறைவு இல்லை. பிரிமணை மேல் வைத்த மண்குடம். அதன் கழுத்தோடு சேர்த்து நிறுத்திய, ஆள் உயரத்தைத் தாண்டிய நீள வில். வில்லின் உடம்பில் வரிசையாகத் தொங்கும் மணிகள். இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடித்தால் அத்தனை மணியும் சேர்ந்து குலுங்கும். உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடத்தின் வாயில் தட்டும்போது எழும் அந்த 'கும்' என்ற சத்தம். இவ்வளவுதான் வாத்தியம்.

நடுவில் இருப்பவர் புலவர். அண்ணாவி என்றும் சொல்வார்கள். அவர் பாதி பாடுவார், பாதி பேசுவார். வலப்பக்கமும் இடப்பக்கமும் இருப்பவர்கள் பின்பாட்டுப் பாடி, கேள்வி கேட்டு, 'ஆமா' போட்டுக் கதையைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆமா போடுவது என்றால் லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. புலவர் மூச்சு வாங்க இடம் கொடுக்கிறவரும், தூங்குகிற கூட்டத்தைத் தட்டி எழுப்புகிறவரும் அவர்தான். கார்சனுக்கு மக்மேன் செய்த அதே வேலை.

ஒற்றுமை இதோடு முடிகிறது. டாக் ஷோவில் கூட்டம் சிரித்துவிட்டுத் தூங்கப்போகும். கொடை ராத்திரியில் சாமி எழுந்திருக்கும்.

கதை தெய்வத்தின் பிறப்பில் நிதானமாகத் தொடங்குகிறது. வளர்ந்து, அலைந்து, அநியாயத்துக்கு ஆளாகி, சாவை நெருங்குகிறது. அந்த இடம் வரும்போது வில்லின் வேகம் ஏறும். நையாண்டி மேளம் சேர்ந்துகொள்ளும். சாமியாடிக்கு அருள் வரும். கதையில் சாகிறவர் யாரோ, அவர்தான் தெய்வமாகி எதிரே வந்து நிற்கிறார் என்பது அங்கே கூடியிருப்பவர்களின் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தென் மாவட்டங்களில் தங்கி இந்த ராத்திரிகளைக் கேட்டு 1988-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அதன் தலைப்பிலேயே பிறப்பும் இறப்பும் இருக்கிறது.

ஆக, புலவரின் வேலை கதையை முடிப்பது மட்டும் இல்லை. சாமி வரும் நேரத்துக்குக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அருள் வரத் தாமதமானால் கதையை இழுக்க வேண்டும். சீக்கிரம் வந்துவிட்டால் சுருக்க வேண்டும். எதிரே இருக்கும் சாமியாடியின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் அடுத்த அடியை எடுப்பார். எல்லாவற்றையும் கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிற டிவி ஸ்டுடியோவில் இது எப்படி நடக்கும்?

வில்லைக் கோயிலுக்கு வெளியே எடுத்தது யார்?

டிவிக்கு முன்னாடியே வில்லு கோயில் வாசலைத் தாண்டிவிட்டது. அதற்கு முக்கியக் காரணம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த மண். சினிமாவில் பெரிய நகைச்சுவை நடிகரான பிறகும் அவர் வில்லை விடவில்லை. சாமி கதைக்குப் பதிலாகக் காந்தி கதையை வில்லில் ஏற்றலாம் என்ற யோசனை அந்தக் காலத்தில் பிறந்தது. கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி கதையை வில்லில் பாடிப் புகழ்பெற்றார். (சுப்பு என்ற பெயரால் இன்றும் பலர் இவரையும் சுப்பு ஆறுமுகத்தையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்கிறார்கள். இருவரும் வேறு வேறு.)

சுப்பு ஆறுமுகம் 1928-ல் திருநெல்வேலி மாவட்டம் சத்திரப்புதுக்குளத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே கவிதை எழுதுவார். அவரை 1948 வாக்கில் சென்னைக்கு அழைத்து வந்தவர் கலைவாணர்தான். அப்போது சுப்பு ஆறுமுகத்துக்கு இருபது வயது. காந்தியின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாக எழுதினார். கலைவாணரின் படங்களுக்கும், பிறகு நாகேஷ் படங்களுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். 1957-ல் கலைவாணர் மறைந்த பிறகு வில்லு இவர் கையில் நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுப்பு ஆறுமுகம் சினிமா நகைச்சுவை எழுதிப் பழகியவர். ஒரு சிரிப்பு எத்தனை விநாடியில் வர வேண்டும், எங்கே நிறுத்தினால் கைதட்டல் விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊர்ப் புலவருக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. இவருக்கு அந்த வசதி இல்லை, தேவையும் இல்லை. ரேடியோவும் டிவியும் தேடிக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

ரேடியோவில் வில்லு ஏன் எடுபட்டது?

1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் வந்தன. திருநெல்வேலிக்கு 1963 டிசம்பர் 1-ம் தேதிதான் வானொலி நிலையம் கிடைத்தது. அதன் பிறகு வில்லு தன் சொந்த ஊரிலேயே மைக் முன்னால் உட்கார்ந்தது.

வில்லுக்கு ரேடியோ நன்றாகவே பொருந்தியது. கண்ணால் பார்க்க வேண்டியது கொஞ்சம், காதால் கேட்க வேண்டியது நிறைய. மணிச்சத்தம் கேட்ட உடனே டீக்கடையில் இருப்பவருக்கு என்ன நிகழ்ச்சி என்று தெரிந்துவிடும். பேச்சும் பாட்டுமாக இருப்பதால் விவசாயத் தகவல், குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என அரசாங்கம் சொல்ல நினைத்த எதையும் இதற்குள் நுழைக்கலாம், நுழைத்தார்கள். புலவர் ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் 'அப்படின்னா என்ன அண்ணே?' என்று கேட்பார், பதில் வரும். பிரசாரம் என்று தெரிந்தாலும் ஜனங்கள் கேட்டார்கள். கேட்கும்படி இருந்தது.

ஆனால் நேரம் கால் மணி, அரை மணி. என்ன பாடப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எதிரே சாமியாடி கிடையாது, கூட்டமும் கிடையாது. ஏழெட்டு மணி நேரக் கதையிலிருந்து சாவு போய்விட்டது, அருள் போய்விட்டது, உள்ளூர்க்காரரைப் பெயர் சொல்லி இழுக்கும் குத்தலும் போய்விட்டது. மிஞ்சியது கதையும், நகைச்சுவையும், கருத்தும்.

டிவிக்கு வந்தபோது என்ன ஆனது?

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அப்போது திருநெல்வேலியில் அதைப் பார்க்க வழியே இல்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தபோது, நெல்லை, தூத்துக்குடி மாடிகளில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி வைத்து அதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆக, திருநெல்வேலி வில்லு சென்னை டிவியில் வந்த ஆரம்ப வருஷங்களில் திருநெல்வேலிக்காரர்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. பார்த்தவர்கள் சென்னைக்காரர்கள்.

டிவிக்கென்று ஒரு பிரச்னை இருந்தது. வில்லு அகலமானது, அந்தக் கால டிவித் திரை கிட்டத்தட்டச் சதுரம். வில் முழுசாகத் தெரிய கேமராவைப் பின்னால் இழுத்தால் முகங்கள் கடுகாகிவிடும். முகத்தைக் காட்டினால் வில் வெட்டுப்படும். நடுவில் இருப்பவரின் முகத்துக்கே கேமரா போகும். ஆமா போடுகிறவர் பாதி நேரம் சத்தமாக மட்டும் இருப்பார். ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்யும் கலை, பார்க்கிறவர் மனதில் ஒரே ஒருவரின் கலையாகப் பதிந்துபோனதில் இதற்கும் பங்கு உண்டு.

அப்படிப் பதிந்த முகம் சுப்பு ஆறுமுகத்துடையது. சிரித்த முகம், நெற்றியில் பொட்டு, கையில் வீசுகோல். பக்கத்தில் மகள் பாரதி திருமகன். இராமாயணம், மகாபாரதம், காந்தி, பாரதி என்று எல்லாரும் உட்கார்ந்து கேட்கக்கூடிய கதைகள். 1993-ல் சன் டிவி வந்து தனியார் சேனல்கள் பெருகிய பிறகு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றத்தோடு வில்லுப்பாட்டுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க டிவி பேச்சையும் பாட்டையும் ராத்திரிக்குக் கொண்டுபோனது. தமிழ் டிவி, ராத்திரியில் மட்டுமே உயிரோடு இருந்த ஒரு பேச்சுப்பாட்டை எடுத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டு பார்க்கும் பண்டிகைக் காலைக்குக் கொண்டுவந்தது.

அது துரோகமா?

நாட்டுப்புறக் கலை பேசுகிறவர்கள் மத்தியில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. சாமியில்லாத வில்லு வில்லே இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை.

ஏனென்றால் கதையை மாற்றுவது டிவி தொடங்கி வைத்த பழக்கம் அல்ல. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலோடு சேர்ந்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். இந்தக் கதையைப் பதிப்பித்த நெல்லை ஆய்வாளர் நா.வானமாமலை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள்தான், காட்டில் கிடைத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லும் பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பது அவர் கருத்து. சாதி தாண்டிய கல்யாணம் யாருக்கோ உறுத்தியிருக்கிறது, கதையைத் திருத்திவிட்டார்கள். கேமராவோ மைக்கோ வருவதற்கு முன்பே நடந்த வெட்டு அது.

சுப்பு ஆறுமுகத்தின் பக்கம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் மதுரைக்கு வடக்கே வில்லுப்பாட்டு என்ற சொல்லே பலருக்குத் தெரிந்திருக்காது. இன்று பள்ளி ஆண்டுவிழாவில் குழந்தைகள் அட்டை வில் வைத்துக்கொண்டு பாடுவது அவர் காட்டிய வடிவத்தைப் பார்த்துத்தான். 2004-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருதும், 2021-ல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன. 2022 அக்டோபர் 10-ல் சென்னையில் அவர் காலமானபோது வயது 94.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் நேராகவில்லை. வடிவத்துக்குக் கிடைத்த பெயர், அதைக் கோயில் வாசலில் பாடி வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் பூங்கனி, பெண்கள் வில்லடிப்பது அபூர்வமாக இருந்த காலத்தில் சிறுமியாக மேடையேறி, பல பத்தாண்டுகள் கொடை ராத்திரிகளில் பாடியவர். கடைசிக் காலத்தில் தனியாக, வறுமையில் இருந்த நிலையில்தான் செய்தியாளர்களும் ஆர்வலர்களும் அவரைத் தேடிப் போனார்கள். 2018-ல் மறைந்தார். தமிழ்நாட்டில் வில்லுப்பாட்டு என்றதும் ஒரு முகம் நினைவுக்கு வருகிற அளவுக்கு டிவி வேலை செய்தது. பூங்கனியின் முகம் அதில் இல்லை.

இப்போது என்ன நடக்கிறது?

கொடை சீசனில், சித்திரையிலோ ஆடியிலோ, ராத்திரி யூடியூபைத் திறந்து 'வில்லிசை' என்று தேடிப் பாருங்கள். ஏதாவது ஒரு கிராமத்திலிருந்து நேரலை ஓடிக்கொண்டிருக்கும். நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், வெட்டில்லாமல். டிவியால் கொடுக்க முடியாத ராத்திரியை போன் கொடுத்துவிட்டது. தாராவியில் இருக்கும் நெல்லைக்காரர் கட்டிலில் படுத்தபடி தன் ஊர் சாமக்கொடையைப் பார்க்கிறார். துபாயில் இருப்பவர் கமெண்ட்டில் தன் குலதெய்வத்தின் பெயரைப் போடுகிறார்.

இன்னொரு மாற்றமும் கண்ணில் படும். நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடிப்பவர்களில் இளம்பெண்கள் நிறைய. பூங்கனி காலத்தில் அபூர்வமாக இருந்தது இன்று கொடைக் கமிட்டிகள் தேடிப் புக் செய்கிற விஷயமாகிவிட்டது. புது சினிமாப் பாட்டு மெட்டில் சுடலை கதை வரும். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எழுந்து போக மாட்டார்கள்.

திரையும் அகலமாகிவிட்டது. போனைப் படுக்கவைத்தால் வில் முழுசாகத் தெரிகிறது. ஆமா போடுகிறவர் கடைசியில் ஃபிரேமுக்குள் வந்துவிட்டார்.

பணம் வேறு விஷயம். வீடியோவை ஏற்றுவது பல நேரம் பாடும் குழு இல்லை. உள்ளூர் ஸ்டுடியோவோ கேபிள் சேனலோ ஏற்றும். விளம்பர வருமானம் வந்தால் அது யாருடைய சேனலோ அவர்கள் கணக்கில்தான் சேரும். ஐந்து லட்சம் பேர் பார்த்தாலும் புலவருக்கும் குடம் அடிப்பவருக்கும் கிடைப்பது, அந்த ஊர்க் கமிட்டி அன்றைய ராத்திரிக்குப் பேசிக் கொடுத்த தொகை மட்டுமே. சில குழுக்கள் இதைப் புரிந்துகொண்டு சொந்தமாகச் சேனல் தொடங்கியிருக்கின்றன. வில், குடம், உடுக்கையோடு இப்போது வேனில் ஒரு டிரைபாடும் ஏறுகிறது.